உங்க கியாரண்டி பாலிசிக்குப் பின்னாடி இருக்கும் டெரிவேட்டிவ் கணக்கு

"வருஷம் 1 லட்சம், 10 வருஷம் கட்டுங்க, மெச்சூரிட்டி தொகை கியாரண்டி!" இப்படிச் சொல்லி உங்களுக்கும் போன் வந்திருக்கும். இன்னைக்கு 7% இருக்கிற வட்டி, உங்க 10-வது பிரீமியம் போகும்போது 5% ஆகிட்டா, கம்பெனி சொன்ன தொகையை எப்படித் தரும்?

அதுக்குத்தான் ஃபார்வர்டு ரேட் அக்ரிமென்ட். பின்னாடி வாங்கப்போகிற அரசுப் பத்திரத்தின் வட்டியை இன்னைக்கே ஒரு வங்கியோடு பேசி ஃபிக்ஸ் பண்றது. ஐஆர்டிஏஐ இதை வட்டி ரிஸ்க்கைக் குறைக்க மட்டுமே அனுமதிக்குது, ஊக வணிகத்துக்கு இல்லை.

சரி, கணக்குல எப்படி வரும்? 7%-க்கு ஃபிக்ஸ் பண்ணின பிறகு மார்க்கெட் வட்டி 8% ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. ஒப்பந்தம் நஷ்டம் காட்டும். ஆனா வரப்போகிற பிரீமியத்துக்கு 8% கிடைக்கும், ரெண்டும் சேர்ந்தா பழைய 7% தான். அதனால ரிஸ்க்கோடு பொருந்துகிற பகுதி பேலன்ஸ் ஷீட்ல ஹெட்ஜ் ரிசர்வுக்குப் போகும். பொருந்தாத பகுதி மட்டும் உடனே வருவாய்க் கணக்கைத் தொடும்.

பாலிசி எடுக்கும் முன் கம்பெனியோட ஆண்டறிக்கையில் டெரிவேட்டிவ் குறிப்பைத் தேடுங்க. 'நோஷனல்' தொகை ஆயிரக்கணக்கான கோடியில் இருந்தாலும் பதற வேண்டாம், அது நஷ்டம் இல்லை, ஒப்பந்தத்தின் அளவு. பொருந்தாத பகுதி வருஷா வருஷம் பெருசாகுதான்னு பாருங்க. ஆச்சுன்னா, ஏன்னு கம்பெனியைக் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.