‘வேண்டாம்’ என்பதையும் கேட்கும் வேலை

2008 செப்டம்பரில் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு ஓர் இதயத்தை ஏற்றிக்கொண்டு பறந்த ஆம்புலன்ஸைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இதயம் அது. பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவருமே மருத்துவர்கள். பிள்ளைக்கு நேர்ந்தது என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாங்களே முன்வந்து கொடுத்தார்கள். போலீஸ் வழிவிட்டது, பத்திரிகைகள் எழுதின, பிறகு சினிமாவும் வந்தது.

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் பெரும்பாலான குடும்பங்களில் மருத்துவர் யாரும் கிடையாது. லாரி ஓட்டுநரின் மனைவி இருப்பார், கொத்தனாரின் அண்ணன் இருப்பார். உள்ளே படுத்திருப்பவரின் மார்பு ஏறி இறங்குகிறது, தொட்டால் உடம்பு சுடுகிறது. “மூச்சு ஓடுதே, எப்படிங்க போயிட்டார்னு சொல்றீங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லவும், அதன்பிறகு உறுப்பு தானம் பற்றிய பேச்சை எடுக்கவும் ஒருவர் தேவைப்படுகிறார். அவர்தான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். மருத்துவமனை வழக்கில் ‘கோ-ஆர்டினேட்டர்’.

1994-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டபோது, இப்படி ஒருவர் இல்லாத மருத்துவமனைக்குப் பதிவே கிடையாது என்று ஆனது. 2014-இன் விதிகள் அவருக்கான தகுதியைச் சொல்கின்றன: மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்கலாம், வேறு பட்டதாரியாக இருந்தால், சமூகப் பணி போன்ற துறைகளில் முதுகலை படித்தவருக்கு முன்னுரிமை. அப்படித்தான் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த பலர் இந்த வாசலுக்கு வந்து சேர்கிறார்கள்.

சமூகப் பணி படிப்பவர்கள் முதல் ஆண்டிலேயே பீஸ்டெக்கின் ஏழு கொள்கைகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957-இல் வகுத்துத் தந்தவை அவை. உதவி நாடி வந்தவரின் ரகசியம் காப்பது, அவரை எடைபோடாமல் கேட்பது, முடிவை அவரே எடுக்க விடுவது ஆகியவை அவற்றில் அடக்கம். தேர்வுத்தாளில் எழுத இதைவிடச் சுலபமான விடை கிடையாது. ஐ.சி.யூ. வாசலில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏனென்றால் அங்கே நிற்கும் சமூகப் பணியாளரின் மனதில் இன்னொருவரும் இருக்கிறார்: வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்துபோகும், பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நோயாளி. இந்தக் குடும்பம் ‘சரி’ என்றால் அவர் பிழைப்பார்.

இங்கே ஆபத்து கெட்ட எண்ணத்திலிருந்து வருவதைவிட நல்ல எண்ணத்திலிருந்து வருவதுதான் அதிகம். சேவை மனப்பான்மை உள்ளவர்களே இத்தொழிலுக்கு வருகிறார்கள். உறுப்பு தானத்தை உயிராக நம்புகிறவர், தன்னை அறியாமலேயே எதிரே இருப்பவரை நெருக்கிவிட முடியும். “உங்க பையன் இன்னொருத்தர் உடம்புல வாழ்வான்மா” என்ற வாக்கியம் ஆறுதலா, அழுத்தமா? சொல்கிற நேரத்தைப் பொறுத்தது.

அதனால்தான் வரிசை முக்கியம். மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு உறுதிசெய்ய வேண்டும். சோதனைகளைக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை செய்ய வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் யாரும் இதில் இருக்கக் கூடாது. மரணச் செய்தியை மருத்துவர் சொல்வார். குடும்பம் அழுது, ஊருக்குத் தகவல் சொல்லி, கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும். அதற்குப் பிறகே தானம் பற்றிய பேச்சு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், ‘உறுப்புக்காகவே செத்துட்டான்னு சொல்றாங்க’ என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைக் குறைசொல்ல முடியாது. சிறுநீரக விற்பனையால் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் விழுந்த மாநிலம் இது. 2025-இல்கூடப் பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விலைபேசப்பட்டது செய்தியானது.

அடுத்து, பணம். தானத்துக்குச் சம்மதித்தபின் உடலைப் பராமரிக்கவும் உறுப்புகளை எடுக்கவும் ஆகும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது, விதியே அப்படித்தான். அதைக் குடும்பத்திடம் தெரிவிப்பது கடமை. ஆனால் தனியார் மருத்துவமனையில் லட்சக்கணக்கில் பில் ஏறி நிற்கும்போது, “கையெழுத்துப் போட்டா பழைய பில்லையும் பாத்துக்கலாம்” என்று ஜாடையாகச் சொன்னாலும் அது விலைபேசுவதுதான். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. சம்பளம் தருவதும் அதே மருத்துவமனை என்பதால் இன்னும் மெல்லியதாகிறது.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. அங்கே இறந்தவர் யாரும் இல்லை.

கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. மனைவி தருகிறேன் என்கிறார். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, 2011-க்குப் பிறகு தாத்தா பாட்டி, பேரக்குழந்தைகள் என நெருங்கிய உறவினர் தரலாம் என்கிறது சட்டம். இந்தியாவில் உயிரோடிருந்து உறுப்பு தருபவர்களில் பெரும்பான்மை பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மை ஆண்கள். அன்பு என்று சொல்லலாம். ‘அவர்தானே சம்பாதிக்கிறார்’ என்ற கணக்கும் அதில் உண்டு. மாமியாரும் நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “உனக்குச் சம்மதமாம்மா?” என்று கேட்டால் எந்த மருமகள் இல்லை என்பாள்?

வேலை தெரிந்த சமூகப் பணியாளர் உறவுகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். வீட்டில் வேறு யாருக்கு இரத்த வகை பொருந்துகிறது, ஏன் அவர்கள் வரவில்லை, அறுவைக்குப் பின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார். சில நேரம் அழுகை வரும். சில நேரம் “பயமா இருக்கு, ஆனா வீட்ல சொல்லிடாதீங்க” என்ற பதில் வரும்.

அப்போது என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் வீடு திரும்ப முடியாது. மறைத்தால் விருப்பமில்லாதவரின் வயிற்றைக் கிழிக்க வேண்டிவரும். உலகெங்கும் பல மருத்துவமனைகள் கைக்கொள்ளும் ஒரு வழி, ‘மருத்துவ ரீதியாக இவர் தானம் தரத் தகுதியில்லை’ என்று மட்டும் குடும்பத்திடம் சொல்வது. பொய்தானே என்று மருத்துவ அறவியலாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காரணம் எதையும் விவரிக்காமல் ‘பொருந்தவில்லை’ என்று நிறுத்திக்கொள்வது பொய்யாகாது என்போரும் உண்டு. அது பொய்யே ஆனாலும், அந்த அறையில் வாய் திறந்த பெண்ணைக் காட்டிக்கொடுப்பதைவிடச் சிறிய குற்றம். அச்சமும் மனத்தயக்கமும் ஒருவரை அறுவைக்குத் தகுதியற்றவர் ஆக்கும் என்பதும் மருத்துவம்தான்.

இந்த வேலையை எப்படி அளப்பது? 2024-இல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் உறுப்புகள் தானமாகப் பெறப்பட்டன. நாட்டில் முன்னணி, பெருமைதான். 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபடி, தானம் தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கிறது. பட்டிக்காட்டுக் கூலித் தொழிலாளியின் வாசலுக்கு மாவட்ட ஆட்சியர் மலர்வளையத்தோடு வருவது சின்ன விஷயமில்லை. ஆனால் மறுத்த குடும்பத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல கோ-ஆர்டினேட்டரைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: குடும்பம் ‘வேண்டாம்’ என்ற பிறகும் அவர் கூட நிற்கிறாரா? போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை, அமரர் ஊர்தி என்று அலைகிற அந்த அண்ணனுக்கு வழிகாட்டுகிறாரா, அல்லது அடுத்த ஐ.சி.யூ.வுக்குப் போய்விட்டாரா?

மருத்துவர் தவறினால் முறையிட மருத்துவக் கவுன்சில் இருக்கிறது, வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில். இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி 1936-இல் பம்பாயில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று 1952-இல் பள்ளி கண்டார். இத்தனை காலம் கழித்தும் இத்தொழிலுக்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. 2021-இன் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. குழந்தைகள் இல்லத்திலும் சிறையிலும் வேலை பார்ப்பவர்கள் அதற்கு வெளியேதான்.

எனவே விழிப்பு குடும்பங்கள் பக்கமும் வேண்டியிருக்கிறது. ஐ.சி.யூ. வாசலில் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச்செடுத்தால், சோதனை இரண்டு முறையும் முடிந்ததா என்று கேளுங்கள். இன்றுவரை ஆன பில் எவ்வளவு, இனி ஆகப்போவதை யார் ஏற்பார்கள் என்று கேளுங்கள். ஊரிலிருந்து பெரியவர்கள் வர வேண்டுமென்றால் நேரம் கேளுங்கள். வீட்டுப் பெண் தானம் தருவதாக இருந்தால், அவரைத் தனியாகப் பேச விட்டு வெளியே வந்து நில்லுங்கள்.