நாய்களில் முழங்காற்சில்லு விலகல்

முழங்காற்சில்லு விலகல் என்பது நாயின் பின்னங்கால் முழங்காற்சில்லு தனக்குரிய பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் நழுவும் மூட்டுக் குறைபாடு ஆகும். பொமரேனியன், சிவாவா, யார்க்சயர் டெரியர், சிறிய வகைப் பூடில் போன்ற சிற்றின நாய்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணம்

முழங்காற்சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் சிறிய எலும்பு. பள்ளம் ஆழமின்றி இருந்தாலோ, கால் எலும்புகள் வளைந்து தசை இழுக்கும் திசை மாறியிருந்தாலோ சில்லு நழுவுகிறது. பெரும்பாலும் இது பிறவியிலேயே அமைந்த எலும்பு அமைப்பினால் வருவது, அடிபடுவதாலும் ஏற்படலாம். சிற்றின நாய்களில் சில்லு பெரும்பாலும் உட்புறமாக விலகும்.

அறிகுறிகள்

ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு சில அடிகள் தாவும். பின்பு காலை உதறிவிட்டு இயல்பாக ஓடும். சில்லு மீண்டும் பள்ளத்துக்குள் திரும்பிவிடுவதே இதற்குக் காரணம். நாய் வலியால் கத்தாததால், வளர்ப்பவர்கள் இதை விளையாட்டு என்று எண்ணி விட்டுவிடுவதுண்டு. ஆனால், சில்லு அடிக்கடி நழுவினால் குருத்தெலும்பு தேய்ந்து, நாளடைவில் மூட்டழற்சி உண்டாகும். முழங்காலின் உள்ளேயுள்ள சிலுவைத் தசைநார் அறுந்துபோகவும் கூடும்.

நிலைகள்

கால்நடை மருத்துவர்கள் இதனை 4 நிலைகளாகப் பிரிக்கின்றனர்.

நிலை 1: கையால் தள்ளினால் சில்லு நழுவும், விட்டவுடன் திரும்பிவிடும்.
நிலை 2: தானாகவே நழுவும், கால் நீளும்போதோ கையால் தள்ளினாலோ திரும்பும்.
நிலை 3: பெரும்பாலும் விலகியே இருக்கும், கையால் பொருத்தினாலும் மீண்டும் நழுவும்.
நிலை 4: நிலையாக விலகியிருக்கும், கையால் பொருத்த இயலாது.

சிகிச்சையும் பராமரிப்பும்

மருத்துவர் மூட்டைத் தொட்டுப் பார்த்து நிலையைக் கண்டறிவார். எலும்பு வளைவை அறிய எக்ஸ்ரே உதவும். நொண்டுதல் இல்லாத முதல் நிலைக்குப் பொதுவாக அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. நாயின் உடல் எடையைக் கட்டுக்குள் வைத்தல், வழுக்கும் தரையில் பாய் அல்லது விரிப்பு இடுதல், கட்டிலிலிருந்து குதிக்க விடாதிருத்தல், நாள்தோறும் மிதமான நடை ஆகியவை மூட்டின் சுமையைக் குறைக்கும். அடிக்கடி நொண்டும் நாய்களுக்கும் முற்றிய நிலைகளுக்கும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இதில் பள்ளத்தை ஆழப்படுத்துவதுடன், தேவைப்பட்டால் தசைநாண் பொருந்தியுள்ள எலும்புப் பகுதியை நேராக நகர்த்திப் பொருத்துவர்.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. இபுபுரூஃபன் போன்றவை நாய்களுக்கு நஞ்சாகலாம்.

தடுப்பு

இக்குறைபாடு மரபு வழியாகக் குட்டிகளுக்கும் வரக்கூடும். எனவே பாதிக்கப்பட்ட நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. குட்டி வாங்குவோர் தாய், தந்தை நாய்களின் நடையையும் கவனித்து வாங்குவது நல்லது.