தரைப் பூச்சு உரிவது ஏன்? குற்றம் சாயத்திலா, ஈரத்திலா?

தீபாவளி நெருங்கினால் போதும், வரிசை வீடுகளில் சுவரோடு கார் நிறுத்தும் சிமெண்டுத் தரைக்கும் சாயம் பூசத் தொடங்கிவிடுவார்கள். பளபளவென்று மின்னிய தரை, ஓராண்டுக்குள் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, கார் சக்கரத்தோடு உரிந்து வந்தால்? பழி சாயத்தின் மீது விழும். இல்லையேல் பூசியவர் மீது விழும். ஆனால் தைப்பிங் போன்ற ஊரில் முதலில் விசாரிக்க வேண்டியது தரைக்குள் இருக்கும் ஈரத்தைத்தான்.

தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெய்யும் நகரம் என்று பெயர் பெற்றது தைப்பிங். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. அக்டோபர், நவம்பரில் மழை இன்னும் வலுக்கும். சாயம் பூச வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுப்பதும் அதே மாதங்களைத்தான்!

ஈரம் எப்படி ஏறுகிறது?

கான்கிரீட் பார்வைக்குக் கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள். தரைக்கு அடியில் ஈரத்தடுப்புப் பிளாஸ்டிக் விரிக்காத வீடுகளில், மண்ணின் ஈரம் அத்துளைகள் வழியே மேலேறும். வெறுந்தரை என்றால் காற்றோடு போய்விடும். எபோக்சி பூச்சு மூடியிருந்தால் போக வழியில்லை. பூச்சையே தள்ளிக்கொண்டு எழும்பும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவு அதிகமில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்துவிடுங்கள். 16 மணி நேரமாவது கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். மழைக்காலத்தில், இரண்டு மூன்று இடங்களில் செய்து பார்ப்பது நல்லது.

எந்தத் தரைக்கு எது?

ஈரம் ஏறும் தரையில் சாதாரண எபோக்சி பூசுவது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம். ஈரத்தைத் தாங்கும் தனி அடிப்பூச்சு முதலில் வேண்டும். இல்லையேல், தரைக்குள் ஊறி, ஆவியை வெளியே விடும் சிலிக்கேட் வகைத் திரவம் போதும். மினுமினுப்பு இராது, உரியவும் உரியாது.

காய்ந்த தரைக்கு எபோக்சி நல்லது. வெயில் படும் இடத்தில் அது மஞ்சளாகும் என்பதால் மேலே பாலியூரித்தேன் பூச வேண்டும். வழவழப்பான தரையில் மழைநீர் பட்டால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். ஆகவே, கடைசிப் பூச்சில் நுண்மணல் தூவச் சொல்லுங்கள்.

கனடா போன்ற குளிர் நாடுகளில் சிக்கல் வேறு. 10 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண எபோக்சி சரியாக இறுகாது. அங்கு குளிரிலும் இறுகும் பாலிஆஸ்பார்டிக் பூச்சை நாடுகிறார்கள். சுமார் 1,250 மீட்டர் உயரமுள்ள புக்கிட் லாருட்டில்கூட அத்தனை குளிர் இல்லை. ஆனால் மலையடிவார ஊரில் விடியற்காலைப் பனியீரம் தரையில் படியும். அது முழுக்கக் காய்ந்த பிறகே பூச்சு வேலை தொடங்க வேண்டும். புதிய கான்கிரீட் என்றால் 28 நாளாவது பொறுத்து, அதன் பிறகும் ஈரம் பார்ப்பது அவசியம்.

எனவே முன்பணம் கொடுக்குமுன் குத்தகையாளரிடம் என்ன நிறம், என்ன விலை என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “தரையின் ஈரத்தைச் சோதித்தீர்களா?” என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, அடுத்த தீபாவளிச் செலவை மிச்சப்படுத்தும்.