கவலை வடமும் சாலும் இணைக்கும் முறை

கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அமைப்பு. தென் மாவட்டங்களில் இதனைக் கமலை என்பர். கோயம்புத்தூர் மாவட்டத்தில் கருமத்தம்பட்டி, சூலூர் வட்டாரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளன. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டுத் தோட்டங்களில் ஆழக் கிணறும் கவலையுமே வெள்ளாமையைக் காத்தன. அந்த அமைப்பில் கயிறு இரும்போடு சேரும் இடமே முதலில் பழுதாகும் இடம்.

அமைப்பு

கவலைக்கு இரண்டு கயிறுகள் உண்டு. தடித்தது வடக்கயிறு. இது சாலின் வாய்ப்புற இரும்பு வளையத்தில் கட்டப்பட்டு, கிணற்று மேட்டில் உயரமாக நிற்கும் உருளை மேல் ஏறி, நுகத்தடிக்குச் செல்லும். மெல்லியது வால்கயிறு. இது சாலின் அடியில் தைத்த தோல் வாலின் நுனியைப் பிடித்து, கிணற்று விளிம்பில் உள்ள தாழ்ந்த உருளை வழியாக அதே நுகத்தடிக்கு வரும். மாடுகள் சரிவில் இறங்கும்போது வால் மடங்கிச் சாலின் வாய் மட்டத்தில் நிற்பதால் நீர் சிந்தாது. விளிம்பை எட்டியதும் சால் மேல் உருளையை நோக்கி எழும், வாலின் வாய் தொட்டிக்குள் இழுபடும், நீர் தானே கொட்டும்.

இதற்கு இரு கயிறுகளின் நீளமும் பொருந்த வேண்டும். புது நார்க்கயிறு பாரத்தில் நீளும். வடம் நீண்டுவிட்டால் சால் போதிய உயரம் எழாது. மீதி நீர் மறுபடி கிணற்றுக்கே போகும். வால்கயிறு தளர்ந்தால் வாலின் வாய் தாழ்ந்து, ஏறும் வழியிலேயே நீர் ஒழுகும். எனவே புதுக்கயிற்றை அடிக்கடி அவிழ்த்து அளவு பார்த்துக் கட்டுவது வழக்கமான வேலை.

இணைப்பு

நூறு லிட்டர் கொள்ளும் சாலில் நீரே நூறு கிலோ. ஒவ்வொரு இறைப்பிலும் அந்தப் பாரம் வளையத்தைச் சுற்றிய சிறு வளைவில் விழுகிறது. மெல்லிய கம்பியின் மேல் கயிறு கூர்மையாக வளையும்போது வெளிப்புற நார்களே பாரத்தைத் தாங்கி முதலில் அறும். நனைந்து காய்வதும், துரு படிவதும், இரும்பில் உரசுவதும் சேர்ந்து அந்த ஒரு முழத்தைத் தின்றுவிடும். மற்ற வடம் புதிதுபோலவே இருக்கும். தேய்ந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம் என்பதால், வடத்தைச் சற்று நீளமாக வைத்துக்கொள்வது சிக்கனம்.

நடுவில் அறுந்த வடத்தை முடிச்சுப் போட்டு ஒட்டுவது ஆகாது. முடிச்சு உருளையில் சிக்கும். கயிற்றின் வலுவில் பாதிவரை குறைக்கவும் செய்யும். இரு முனைகளின் புரிகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பின்னினால் தடிப்பு அதிகம் கூடாது, வலுவும் பெரிதும் நிற்கும்.

படகின் நங்கூரத்திலும் இதே சிக்கல்தான். கடலடிப் பாறையில் உரசும் பகுதிக்குச் சங்கிலியும், மேலே நைலான் கயிறும் போடுவர். கயிற்றின் கண்ணுக்குள் உலோகக் காடி வைத்துத் திருகு வளையத்தால் சங்கிலியில் மாட்டுவது ஒரு முறை. வளைவு அகலமாவதால் கயிறு வெட்டுப்படாது. திருகாணி கழன்றுவிடாமல் கம்பியால் கட்டுவர். நங்கூரச் சக்கரத்தில் ஓட வேண்டுமானால், புரிகளை நேரே கடைசிக் கண்ணியில் நுழைத்துப் பின்னுவர். இது சிக்காமல் ஓடும், ஆனால் தேய்மானத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அறுந்தால்

மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பது உண்டு. அப்போது இணைப்பு விட்டால் அவர் விழுவார், மாடுகள் முன்னால் தடுமாறும், சால் கிணற்றின் அடிக்குப் போகும். கோடையில் இறைப்பு நிற்கும் ஒவ்வொரு நாளும் பயிருக்குக் கேடு. காலையில் நுகம் பூட்டுமுன் வளையத்தைத் தடவிப் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் செயல்படத் தொடங்கிய பின், கோவைப் பகுதிக் கிணறுகளில் மின் மோட்டார்கள் மெல்லப் பரவின. கவலை மறைந்தது. பழைய கிணறுகள் சிலவற்றில் உருளை தாங்கிய கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன.