பயிற்சியின் நடுவே தொலைக்காட்சிப் படம் உறைந்து நின்றால்

பார்க்கின்சன் நோய் உடையவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய நடைப்பயிற்சிகளையும் சமநிலைப் பயிற்சிகளையும் காணொளிகளாக வழங்கி வருகிறோம். கைப்பேசியின் சிறிய திரையைக் குனிந்து பார்த்தவாறு இவற்றைச் செய்வது உகந்ததன்று. ஏற்கெனவே முன்புறம் வளைய முற்படும் உடலை அது மேலும் வளைக்கும். ஆகவே கண்மட்டத்தில் உள்ள தொலைக்காட்சியைப் பார்த்துச் செய்யுமாறு கூறுகிறோம். குடும்பத்தினரும் மடிக்கணினியின் குரோம் உலாவியில் காணொளியைத் திறந்து, தொலைக்காட்சிக்குக் காஸ்ட் செய்கின்றனர். அடுத்த முறை புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது, “படம் நின்று நின்று வருகிறது டாக்டர், அப்பா பயிற்சியையே விட்டுவிட்டார்” என்கின்றனர்.

இதனைச் சிறு தொல்லை என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. இந்நோயில் சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் சில நொடிகள் அசைய மறுக்கும். இதனை நடை உறைதல் என்கிறோம். சீரான தாள ஒலி கேட்டால் பலருக்குக் கால்கள் மீண்டும் இயங்குகின்றன. காணொளிகளில் தாளத்தைச் சேர்த்திருப்பதன் காரணம் இதுவே. அத்தாளம் இடையில் அறுந்தால் கால் நின்றுவிடலாம். உடலோ முன்னே சாய்ந்து செல்லும். அப்போது விழ நேரிடும். மேலும், லெவோடோபா மாத்திரை வேலை செய்து உடல் இலகுவாக இருக்கும் பொழுதே பயிற்சிக்கு ஏற்றது. அந்நேரம் ரிமோட்டோடு போராடுவதில் கழிந்துவிட்டால், அடுத்த வேளை மாத்திரை வரை காத்திருக்க வேண்டியதாகிறது. எனவே கீழ்க்காணும் சோதனைகளைப் பயிற்சி நேரத்தில் அன்றி, வேறொரு வேளையில் செய்து பாருங்கள்.

‘காஸ்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு வழிகள் அடங்கியுள்ளன என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று. உலாவியின் மேல் வலப்பக்க மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அங்குள்ள பட்டியலிலிருந்து காஸ்ட் செய்தால், டேப் முழுவதும் பிரதிபலிக்கப்படுகிறது. அதாவது, கணினி காணொளியை இணையத்திலிருந்து பெற்று, தன் திரையில் காட்டி, அத்திரையை நொடிக்கு நொடி மீண்டும் படமாக்கி, ரூட்டர் வழியாகத் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது. ஒரே வைஃபையில் அதே படம் பலமுறை பயணிக்கிறது. கணினியும் ஓய்வின்றி உழைக்கிறது. மற்றொரு வழியில், யூடியூப் போன்ற தளங்களில் காணொளியின் சட்டத்துக்குள்ளேயே காஸ்ட் குறி காணப்படும். மூலையில் சில வளைகோடுகள் கொண்ட சிறு செவ்வகம் அது. அதனை அழுத்தினால் தொலைக்காட்சியே நேராக இணையத்திலிருந்து காணொளியைப் பெற்றுக்கொள்ளும். கணினி வெறும் ரிமோட்டாகிவிடும். இரண்டில் எது நடக்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. படம் ஓடும்போது மடிக்கணினியை மூடிப் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் தொடர்ந்தால் இரண்டாவது வழியில் இருக்கிறீர்கள். எங்கள் அனுபவத்தில், முதல் வழியிலிருந்து இரண்டாவதற்கு மாறியதுமே பாதி வீடுகளில் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. கூடுதல் கட்டணம் செலுத்தி இணைய வேகத்தை உயர்த்துவது பெரும்பாலும் தேவையற்ற செலவு; ஒரு பயிற்சிக் காணொளிக்கு 5 எம்பிபிஎஸ் வேகமே போதும்.

டேப்பைப் பிரதிபலிப்பதைத் தவிர வழியில்லை எனில், நோயை அறிவதுபோல் தடை எங்குள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும். தொலைக்காட்சியில் படம் நின்ற கணத்தில் கணினித் திரையைப் பாருங்கள். அங்கும் நின்றிருந்தால் குறை இணையத்திலோ கணினியிலோ உள்ளது. அங்கு தடையின்றி ஓடினால், கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடைப்பட்ட பாதையில்தான் கோளாறு.

இடைப்பட்ட பாதை என்பது பெரும்பாலும் வைஃபைதான். ரூட்டர்கள் பல 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளை வழங்குகின்றன. முதலாவது சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத் கருவிகள், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய அனைத்தும் அதே அலைவரிசையில் நெருக்குகின்றன. மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் படம் தடுமாறினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். ரூட்டர் அருகில் இருப்பின் கணினியையும் தொலைக்காட்சியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். எனினும் 2013-இல் வெளிவந்த முதல் தலைமுறைக் குரோம்காஸ்ட் 2.4-இல் மட்டுமே இயங்கும். அக்கருவி உள்ள வீட்டில் ரூட்டரை அருகில் கொணர்வதே வழி. அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சியின் பின்புறத்திலோ ரூட்டரை மறைத்து வைப்பதையும் தவிர்க்கவும்.

கணினியைப் பொறுத்தவரை, மின்னிணைப்பில் வைத்தே காஸ்ட் செய்யுங்கள். பேட்டரி சேமிப்பு முறையில் அதன் வேகம் குறைக்கப்படும். தேவையற்ற டேப்களை மூடிவிடுங்கள். குரோம்காஸ்ட் போன்ற கருவிக்குத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் தருவதாயின், அது போதாமற்போகலாம். கருவியுடன் வந்த அடாப்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகவும். தொலைக்காட்சியை ரிமோட்டால் அணைப்பது உண்மையில் அணைப்பதாகாது. சுவிட்சை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

மருத்துவருடனோ இயன்முறை சிகிச்சையாளருடனோ நேரலையில் பேசும் காணொளி ஆலோசனையை மட்டும் காஸ்ட் செய்ய வேண்டாம். காஸ்ட்டில் இயல்பாகவே சிறு தாமதம் உண்டு. தொலைக்காட்சி ஒலி மைக்கில் புகுந்து எதிரொலிக்கும். “நில்லுங்கள்” என்று நாங்கள் கூறுவது நோயாளியின் காதில் தாமதித்து விழுவதை நாங்கள் விரும்பவில்லை. ஒரு எச்டிஎம்ஐ கேபிளால் மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும் இணைத்துவிட்டால் வைஃபை வழிக் காஸ்ட்டிங்கின் தாமதம் இராது.

இத்தனைக்குப் பிறகும் பயிற்சியின் நடுவே படம் நிற்கக்கூடும். அப்போது உடனிருப்பவர் திரையை நோக்கி ஓடலாகாது. நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டும். நோயாளி அதே நிலையில் படத்துக்காகக் காத்து நிற்காமல், அருகில் போட்டுள்ள நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொள்ளட்டும். பின்னர் “ஒன்று, இரண்டு” என்று உரக்க எண்ணியோ கைதட்டியோ தாளத்தை நீங்களே தொடரலாம். அதற்குத் திரை தேவையில்லை.

வைஃபை சரிவர எட்டாத வீடுகளில் உள்ளோர் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது ஒரு பென் டிரைவைக் கொண்டுவாருங்கள். உங்களுக்கு உரிய காணொளிகளை எங்கள் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் அதில் பதிந்து தருவோம். தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் செருகினால் இணையமின்றியே ஓடும்.