டிவிடெண்ட் வந்தால் லாபமா? மியூச்சுவல் ஃபண்டில் 'குரோத்' எடுப்பதா, 'ஐ.டி.சி.டபிள்யூ' எடுப்பதா?

முதல் சம்பளம் வந்ததும் பலரும் செய்யும் வேலை, மொபைலில் ஒரு ஆப்பை இறக்கி எஸ்.ஐ.பி. போடுவது. ஃபண்டின் பெயரைத் தேடினால், ஒரே ஃபண்ட் நான்கு விதமாக வந்து நிற்கும். டைரக்ட், ரெகுலர் என்பது கமிஷன் சமாச்சாரம். அது ஓரளவு தெரிந்த விஷயம்தான். பக்கத்தில் இருக்கும் 'குரோத்', 'ஐ.டி.சி.டபிள்யூ' என்ற சொற்களில்தான் தடுமாற்றம். "அப்பப்போ கைக்கு காசு வருதே, அதையே எடுத்துடலாம்" என்று இரண்டாவதைத் தட்டிவிடுபவர்கள் உண்டு.

இரண்டிலும் பணம் போய்ச் சேர்வது ஒரே பங்குகளில்தான். ஃபண்ட் மேனேஜரும் ஒருவரே. லாபத்தை என்ன செய்கிறார்கள் என்பதில் மட்டும்தான் வித்தியாசம். குரோத்தில் அது ஃபண்டுக்குள்ளேயே தங்கி, என்.ஏ.வி. எனப்படும் ஒரு யூனிட்டின் மதிப்பில் சேர்ந்துகொள்ளும். ஐ.டி.சி.டபிள்யூ-வில் அவ்வப்போது ஒரு பகுதி வங்கிக் கணக்குக்கு வரும். மறுமுதலீடு என்று தேர்வு செய்திருந்தால், அந்தத் தொகைக்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும்.

எஃப்.டி. வட்டி போல, அசல் அப்படியே இருக்க மேற்கொண்டு வரும் காசு இது என்று நினைப்பதில்தான் கோளாறு. 30 சதவீத வரி வரம்பில் இருக்கும் ஒருவர், என்.ஏ.வி. 50 ரூபாயாக இருக்கும்போது 1 லட்சம் ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 யூனிட். அடுத்த வாரமே யூனிட்டுக்கு 5 ரூபாய் அறிவிக்கிறார்கள். 10,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. சந்தோஷம்தான். ஆனால், அதே கையோடு என்.ஏ.வி. 45 ரூபாயாக இறங்கிவிடும். ஃபண்டில் மிச்சம் 90,000 ரூபாய். அண்டாவில் இருந்து ஒரு செம்பு மொண்டது போலத்தான். இதில் கொடுமை என்னவென்றால், அவர் போட்ட பணமே திரும்பி வந்திருக்கிறது. அதற்கு செஸ் உட்பட 3,120 ரூபாய் வரி கட்ட வேண்டும்.

'டிவிடெண்ட்' என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது என்பதால்தான், 2021 ஏப்ரல் 1 முதல் செபி அதை மாற்றச் சொன்னது. ஐ.டி.சி.டபிள்யூ என்றால் 'இன்கம் டிஸ்ட்ரிபியூஷன் கம் கேப்பிட்டல் வித்டிராயல்'. அதாவது, வருவதில் முதலீட்டாளரின் சொந்த மூலதனமும் கலந்திருக்கலாம். நேர்மையான பெயர்தான், ஆனால் வாயில் நுழையவில்லை.

வரிக் கணக்கும் இடையில் தலைகீழாகிவிட்டது. 2018 மார்ச் வரை பங்கு சார்ந்த ஃபண்டுகளின் டிவிடெண்டுக்கு வரியே கிடையாது. பிறகு 10 சதவீத வரியை ஃபண்ட் நிறுவனமே கழித்துக் கட்டியது. 2020 ஏப்ரலில் இருந்து அந்தத் தொகை முதலீட்டாளரின் வருமானத்தோடு சேர்கிறது. அவரவர் வரம்புக்கு ஏற்ப வரி. ஒரு நிதியாண்டில் ஒரு ஃபண்ட் நிறுவனத்திடம் இருந்து 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். "டிவிடெண்ட்னா டாக்ஸ் இல்லப்பா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பழைய கதை.

குரோத்தில் யூனிட்டை விற்கும்வரை வரி இல்லை. விற்றாலும் லாபத்துக்கு மட்டும்தான். 25 ரூபாய்க்கு வாங்கிய யூனிட் இன்று 50 ரூபாய் என்றால், 10,000 ரூபாய் எடுக்க 200 யூனிட் விற்க வேண்டும். அதில் லாபம் 5,000 ரூபாய். பங்கு சார்ந்த ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான நீண்டகால லாபத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் 12.5 சதவீதம். மாதாமாதம் பணம் வேண்டும் என்பவர்கள் குரோத்திலேயே இருந்துகொண்டு எஸ்.டபிள்யூ.பி. போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். ஐ.டி.சி.டபிள்யூ-வில் அந்த உறுதி இல்லை. பகிர்ந்துகொடுக்க உபரி இருந்தால்தான் வரும்.

மொத்த வருமானமே வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியர்களுக்கு இந்த வரி அவ்வளவாக உறுத்தாது. வேலையில் இருக்கும், இன்னும் பத்து இருபது வருஷம் பணத்தைத் தொடப்போவதில்லை என்பவர்களுக்கு ஐ.டி.சி.டபிள்யூ எடுக்கக் காரணமே இல்லை.

தெரியாமல் ஏற்கெனவே அதில் போட்டவர்கள், அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் குரோத்துக்கு மாற்ற வேண்டாம். ஒரே ஃபண்டுக்குள் மாறினாலும் வருமான வரிச் சட்டப்படி அது விற்பனைதான். லாபத்துக்கு வரி வரும், சில ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் இருக்கும். முதலில் இனி போகும் எஸ்.ஐ.பி.-யை நிறுத்திவிட்டு குரோத்தில் புதிதாகத் தொடங்கலாம். பழைய யூனிட்களை ஓராண்டு தாண்டிய பிறகு, 1.25 லட்சம் வரம்பைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.