ஒழுகும் யந்திரமும் ஊர்த் தண்ணீரும்

கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவர் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டார் என்று இந்நகரத்தார் பெருமையோடு சொல்வதுண்டு. 1908ஆம் ஆண்டு செப்டம்பரில் மூசி நதி பெருகி நகரைச் சூறையாடிய பின்னர், விசுவேசுவரய்யாவின் யோசனையை ஒட்டி எழுந்த ஏரிகளுள் ஒன்று அது. உஸ்மான் சாகர் என்பது அதன் அரசாங்கப் பெயர்; 1920இல் கட்டி முடிந்தது. உத்தியோகத்தை நாடி வந்து இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கும்போது, அப்பேச்சில் உண்மை உண்டென்றே தோன்றுகிறது. ஆனால் இன்று நம் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர் மாத்திரமன்று. மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆகியவற்றின் நீரும் வருகிறது. அதுவும் போதாத அடுக்குமாடி வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும், கோடையில் லாரித் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்துவிடுகின்றன. கருங்கற் பாறையின் இடுக்குகளில் ஊறிவரும் கிணற்று நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவே.

பாத்திரம் கழுவும் யந்திரம் ஒழுகுவதைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஏரியையும் பாறையையும் ஏன் இழுக்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். ஒழுக்கின் வேர் பல வீடுகளில் அங்கேதான் இருக்கிறது.

இந்த யந்திரம் நம் அடுக்களைக்குப் புதிதேயன்றி உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் ஜோசபின் காக்ரன் என்னும் அம்மையார், பணியாட்கள் தம் பீங்கான் தட்டுகளின் விளிம்பை உடைப்பது பொறாமல் ஒன்றை அமைத்து, 1886இல் காப்புரிமை பெற்றார். நம்மவர் பலர் இதை வாங்கியது 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில்; வீட்டு வேலைக்கு உதவும் பெண்கள் வர இயலாத நாட்களில். அவையெல்லாம் இப்போது மூப்பின் வாயிலில் நிற்கின்றன.

எங்கள் யந்திரம் அவற்றுக்கும் மூத்தது. சென்னையில் வாங்கியதை, உத்தியோக மாற்றலின்போது சாமான்களோடு லாரியில் ஏற்றி செகந்தராபாத் மாரெட்பள்ளிக்குக் கொண்டுவந்தோம். ஓராண்டு ஒழுங்காக ஓடிற்று. பிறகு ஒரு நாள் காலையில் அடுக்களைத் தரையில் நீர் தேங்கியிருந்தது. முழங்கால் வலியோடு நடமாடும் எங்கள் தாயார் அதில் கால் வைத்து, நல்ல காலமாக மேடையைப் பற்றிக்கொண்டார். மறுவாரம் கீழ்வீட்டார் தம் கூரையில் ஈரம் படர்ந்திருப்பதைக் காட்டினர். பார்க்க வந்த பழுதுக்காரர், யந்திரத்தைத் திறந்தும் பாராமல், புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார். நீர் எங்கே தெரிகிறது என்று கேட்டாரேயொழிய, எப்பொழுது வருகிறது என்று அவர் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். யந்திரத்தின் அடித்தட்டு சரிவானது; பின்னால் ஒழுகும் நீர் முன்னால் வந்து எட்டிப்பார்க்கும். இடம் நம்மை ஏமாற்றும், நேரம் ஏமாற்றாது.

முதலில் மின்செருகியைப் பிடுங்கிவிடுக. தண்ணீர்க் குழாயையும் மூடுக. தரையை நன்றாகத் துடைத்து, யந்திரத்தின் அடியிலும் பக்கங்களிலும் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கவும். குழாயை மாத்திரம் திறந்து சற்றுப் பொறுத்தால், தாள் நனைகிறதா என்பது தெரியும். நனைந்தால் குற்றம் நீர் வரும் ரப்பர்க் குழாயிலோ அதன் திருகு வாயிலோ உள்ளது. அடுத்து, யந்திரத்தின் உட்புறம் இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கையாலேயே ஊற்றி, ஓட்டாமல் ஓரிரவு விட்டுவைக்கவும். காலையில் தாள் நனைந்திருந்தால் அடிக்குழியின் ரப்பரோ பம்பின் அடைப்போ தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அது பயின்றவர் கைக்குரிய வேலை. நிற்கும்போது ஒழுகாமல், கழுவும்போது மாத்திரம் ஒழுகினால் கதவையும், நீரைச் சுழற்றி வீசும் கரத்தையும் ஐயுறுக. கழிவுநீர் வெளியேறும்போது ஒழுகினால் கழிவுக் குழாயையும் அதன் கவ்வையும் பார்க்கவேண்டும்.

எங்கள் வீட்டுத் தாள் கழுவும் வேளையில்தான் நனைந்தது. கதவின் கீழ் விளிம்பு ரப்பர் காய்ந்து விறைத்திருந்தது. அதை மாற்றியும் ஒழுக்கு நின்றபாடில்லை. பிறகே கீழ்க்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அதன் துளைகளில் பாதி சுண்ணாம்புப் படிவால் அடைபட்டிருந்தன. போக வழியில்லாத நீர், கரத்தின் பக்கவாட்டு இணைப்பைப் பிளந்துகொண்டு நேரே கதவின் அடியில் பீறிட்டிருக்கிறது. அவ்வளவு வேகத்தை எந்தப் புது ரப்பரும் தாங்காது.

இனி, அந்தப் படிவு வந்த விதம். யந்திரத்தினுள் நீரை மென்மையாக்கும் ஓர் அறை உண்டு. அதிலுள்ள பிசின் மணிகள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். நாம் இடும் உப்பு அம்மணிகளைக் கழுவிப் புதுப்பிக்கும். எவ்வளவு உப்பைச் செலவிடுவது என்பதை ஊர் நீரின் கடினத்துக்கேற்பக் குறித்துவைக்க வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினம். வேறு நீர் கிடையாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பர். எங்கள் யந்திரமோ பழைய வீட்டு நீருக்கென்று வைத்த குறியோடேயே இங்கு உழைத்திருக்கிறது. ஊர் மாறிய நாம் பால்காரர் முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டோம், இதை மறந்தோம். லாரியில் வந்த யந்திரத்தின் கால்களையும் மட்டம் பார்த்துத் திருகவில்லை. அது முன்புறம் சாய்ந்து நின்று, நீரைக் கதவின் பக்கமே தேக்கியிருந்தது.

உப்பு என்றால் சமையலுப்பன்று. இதற்கென்றே விற்கும் பருவட்டு உப்பு. சிந்தினால் உடனே ஒருமுறை ஓட்டிக் கழுவிவிட வேண்டும். இல்லையேல் உள்தகடு அரிக்கும். கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டும் விடலாகாது. நுரை பெருகிக் கதவிடுக்கால் வழிந்து, இல்லாத பழுதை இருப்பதாகக் காட்டும். நம் வீடுகளில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் சல்லடையை அடைப்பது அன்றாடச் சங்கதி. அதற்கு மருந்து தினமும் அலசுவதே. ஓட்டாதபோதும் யந்திரம் நீரை இறைக்கும் ஒலி ஓயாமல் கேட்டால், அடித்தட்டில் நீர் சேர்ந்து அங்குள்ள மிதவை எழும்பியிருக்கிறது என்று பொருள். மின்செருகியைப் பிடுங்கி, தட்டை உலர்த்திய பின்னரே மேற்கொண்டு ஆராயலாம்.

உதிரிகளைப் பற்றி ஒரு சொல். சாதாரண ரப்பர்க் குழாயும் கவ்வும் இராணிகஞ்சுக் கடைகளில் கிடைக்கும். கதவு ரப்பரும் கரமும் அப்படியல்ல. கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள தகட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு சென்று கேட்கவேண்டும். தெலுங்கு வராதே என்று தயங்குவோருக்கும் வழியுண்டு. நீள்ளு காருதுன்னாயி என்றால் நீர் ஒழுகுகிறது என்று பொருள். அத்துடன், கழுவும்போதா, நிற்கும்போதா என்பதையும் சொல்லிவிட்டால் பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

புதிய கரத்தைப் பொருத்தி, கால்களை மட்டமாக்கி, உப்பின் குறியையும் உயர்த்திவைத்தோம். எல்லாவற்றுக்குமான செலவு புது யந்திரத்தின் விலையில் ஒரு சிறு பங்கே. செய்தித்தாளை மேலும் மூன்று நாள் விரித்தபடியே விட்டிருந்தோம்; அது உலர்ந்தே கிடந்தது. நான்காம் நாள், கீழ்வீட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பினோம்.